நியூட்ரான் எப்போது சிதையும், எப்போது சிதையாது

இயற்பியலில் ஆர்வமுள்ளவர்கள் நியூட்ரானைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, கேட்பவர் பள்ளி மாணவராயினும் பொறியாளராயினும், கடைசியில் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. தனித்து விடப்பட்ட நியூட்ரான் சராசரியாகக் கால் மணி நேரம்கூடத் தாங்காமல் சிதைந்துவிடுகிறது என்று புத்தகம் சொல்கிறது. அப்படியானால் நம் உடலின் எடையில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணமான நியூட்ரான்கள் இத்தனை ஆண்டுகளாக ஏன் சிதையவில்லை? நியூட்ரான்களாலேயே ஆன விண்மீன் ஒன்று கோடிக்கணக்கான ஆண்டுகள் எப்படி நிலைத்திருக்கிறது? இரண்டுக்கும் விடை ஒன்றுதான் என்பதும், அந்த விடை ஒரு கழித்தல் கணக்கில் அடங்கியிருக்கிறது என்பதும் எனக்கே மிகத் தாமதமாகத்தான் புரிந்தது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். துகள்களின் நிறையை அளக்க இயற்பியலார் பயன்படுத்தும் ஆற்றல் அலகான மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் நியூட்ரானின் நிறை 939.565, புரோட்டானின் நிறை 938.272. வேறுபாடு 1.293, அதாவது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. நியூட்ரான் சிதையும்போது ஒரு புரோட்டானும் ஓர் எலக்ட்ரானும் எதிர் நியூட்ரினோ என்னும் மின்னூட்டமற்ற மிக இலேசான துகள் ஒன்றும் உண்டாகின்றன. எலக்ட்ரானை உண்டாக்க 0.511 செலவாகிறது, மீதமுள்ள 0.782 மெகா எலக்ட்ரான் வோல்ட், பிறந்த துகள்களுக்கு இயக்க ஆற்றலாகப் போய்ச் சேர்கிறது. கையிருப்பு மிஞ்சுவதால் சிதைவு நடக்கிறது. புரோட்டானுக்கு அப்படிச் செலவழிக்கக் கையிருப்பு ஏதும் இல்லாததால், தனித்த புரோட்டான் இவ்வழியில் நியூட்ரானாக மாற முடியாது.

இந்த இடத்தில் ஒரு பழைய தவறான எண்ணம் குறுக்கிடும். சிதையும்போது புரோட்டானும் எலக்ட்ரானும் வெளிவருகின்றன என்றால், நியூட்ரான் என்பது அவ்விரண்டும் ஒட்டிக்கொண்ட ஒன்றுதானே என்று பலர் கேட்பார்கள். கேட்பவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. 1920-இல் இப்படியொரு நடுநிலைத் துகள் இருக்கக்கூடும் என்று முன்கூட்டிச் சொன்ன ரூதர்ஃபோர்டு அதை அப்படித்தான் கற்பனை செய்தார். 1932-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் நியூட்ரானைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் சாட்விக்கும் தொடக்கத்தில் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தார். நானும் பல காலம் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கைவிட இரண்டு காரணங்கள் போதும். ஒன்று, எலக்ட்ரானை ஓர் அணுக்கருத் துகளின் அளவுக்குள், அதாவது ஒரு மீட்டரின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் அடைத்தால், துகளை எவ்வளவு குறுகிய இடத்தில் அடைக்கிறோமோ அவ்வளவு ஆற்றல் கூடும் என்னும் ஐயப்பாட்டு விதியின்படி அதற்கு ஏறத்தாழ 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வந்துவிடும். அந்தத் தொலைவில் புரோட்டானின் மின் ஈர்ப்பு அதைப் பிடித்துவைக்கத் தரக்கூடியதோ ஒன்றரை மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. இரண்டாவது, நைட்ரஜன்-14 அணுக்கரு. அதில் 14 புரோட்டான்களும் 7 எலக்ட்ரான்களும் இருப்பதாகக் கொண்டால், அரைத் தற்சுழற்சி (துகளுக்கு இயல்பாகவே உள்ள சுழற்சிப் பண்பு) உடைய துகள்கள் மொத்தம் 21. ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் மொத்தத் தற்சுழற்சி அரையிலேயே முடிய வேண்டும். அளந்து பார்த்தால் அது 1 என்ற முழு எண். நியூட்ரானையும் அரைத் தற்சுழற்சி உடைய தனித் துகளாகக் கொண்டு, 7 புரோட்டான்களும் 7 நியூட்ரான்களும் என்று எழுதினால் முரண்பாடு மறைந்துவிடுகிறது. கிளர்ச்சியுற்ற அணு உமிழும் ஒளி அந்த அணுவுக்குள் முன்கூட்டியே பொட்டலமாக இருக்கவில்லை என்பதைப் போலவே, நியூட்ரானிலிருந்து வரும் எலக்ட்ரானும் சிதைவின் கணத்தில் புதிதாகப் பிறக்கிறது.

இன்றைய பார்வையில் நியூட்ரானும் புரோட்டானும் குவார்க் என்னும் இன்னும் சிறிய துகள்களால் ஆனவை. நியூட்ரானில் இரண்டு கீழ்க் குவார்க்குகளும் ஒரு மேல் குவார்க்கும் இருக்கின்றன. புரோட்டானில் இது தலைகீழ். கீழ்க் குவார்க் ஒன்று மேல் குவார்க்காக மாறுவதே சிதைவு. அப்படியானால் 1.293 என்ற எண் எங்கிருந்து வருகிறது? கீழ்க் குவார்க் சற்றுக் கனமானது என்பதால் நியூட்ரான் ஏறத்தாழ 2.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். மின்னூட்டம் உள்ள புரோட்டானின் மின்காந்த ஆற்றல் அதில் ஏறத்தாழ 1-ஐத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. 2015-இல் மீக்கணினிகளைக் கொண்டு அடிப்படைச் சமன்பாடுகளிலிருந்தே இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் இரண்டு தொகைகளின் மிச்சத்தில்தான் பருப்பொருளின் நிலைப்பே தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மிச்சம் 0.511-க்குக் கீழே போயிருந்தால் ஹைட்ரஜன் அணு தன் எலக்ட்ரானைத் தானே விழுங்கி நியூட்ரானாகிவிடும். நீரும் இருந்திருக்காது, இதை எழுத நானும் இருந்திருக்க மாட்டேன்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். அணுக்கருவுக்குள் நியூட்ரான் ஏன் சிதைவதில்லை என்பதற்கு மிக எளிய சான்று டியூட்டெரான், அதாவது ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே உள்ள கனஹைட்ரஜனின் அணுக்கரு. இவ்விரண்டும் சேரும்போது 2.224 மெகா எலக்ட்ரான் வோல்ட் பிணைப்பு ஆற்றலாக வெளியேறிவிடுவதால், டியூட்டெரானின் நிறை 1875.613 மட்டுமே. உள்ளேயிருக்கும் நியூட்ரான் சிதைவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு புரோட்டான்களும் ஓர் எலக்ட்ரானும் மிஞ்சும். இரண்டு புரோட்டான்கள் ஒட்டி நிற்பதில்லை என்பதால் பிணைப்பிலிருந்து எந்த வரவும் கிடையாது. அவற்றின் மொத்த நிறை 1877.055. கையில் இருப்பதைவிட 1.442 அதிகம். அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட வழியே இல்லாததால் டியூட்டெரானில் நியூட்ரான் என்றென்றைக்கும் சிதையாது. அங்கே அது சிதையத் தாமதிக்கிறது என்று சொல்வதுகூடத் தவறு. சிதைவதற்கான வாயிலே அங்கு இல்லை.

கனமான அணுக்கருக்களிலும் இதே கணக்குதான், உறுப்பினர்கள்தாம் அதிகம். பௌலியின் தவிர்ப்பு விதிப்படி ஒரே வகைத் துகள்கள் இரண்டு ஒரே நிலையில் இருக்க முடியாது. நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறினால் கீழுள்ள ஆற்றல் படிகளெல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அது மேற்படியில்தான் போய் உட்கார வேண்டும், அதோடு மற்றப் புரோட்டான்களின் மின் விலக்கலையும் தாங்க வேண்டும். இந்தச் செலவு 0.782-ஐ விஞ்சினால் அணுக்கரு நிலையானது. விஞ்சாவிட்டால் அது கதிரியக்கம் உடையது. 5,730 ஆண்டு அரை ஆயுள் கொண்ட கார்பன்-14 அப்படிப்பட்டது. அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் உதிர்த்துவிடும் நியூட்ரான்கள் நைட்ரஜனைத் தாக்குவதால் பிறந்து, தன் நியூட்ரான்களில் ஒன்றைப் புரோட்டானாக்கி மீண்டும் நைட்ரஜனாகவே மாறிவிடுகிறது.

இந்தக் கணக்கு எதிர்ப்பக்கமும் செல்லும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தனித்த புரோட்டான் சிதைந்ததை இதுவரை யாரும் கண்டதில்லை. ஆனால் மருத்துவமனைகளில் பாசிட்ரான் உமிழ்வுப் படமெடுப்புக்குப் பயன்படும் புளோரின்-18-இன் அணுக்கருவில் புரோட்டான் ஒன்று நியூட்ரானாக மாறுகிறது. அரை ஆயுள் 110 நிமிடங்கள்தாம். அங்கே மாற்றத்துக்கான செலவை அணுக்கரு முழுவதும் சேர்ந்து ஏற்றுக்கொள்கிறது. எனவே ‘நியூட்ரான் நிலையற்றது, புரோட்டான் நிலையானது’ என்று எழுதி நிறுத்திவிடும் பாடநூல் வாக்கியத்தை நான் பாதி வாக்கியமாகவே படிக்கிறேன். எங்கே இருக்கும்போது என்று சொல்லாதவரை அதற்குப் பொருள் முழுமையடைவதில்லை.

சரி, தனித்த நியூட்ரானின் ஆயுள் துல்லியமாக எவ்வளவு? இதுவோ ஒரு சங்கடமான கேள்வி. அளப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் மீக்குளிர் நியூட்ரான்களைக் காந்தப்புலத்தாலும் புவியீர்ப்பாலும் ஒரு தொட்டிக்குள் அடைத்துவைத்து, குறித்த நேரத்துக்குப் பின் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணுவது ஒன்று. கற்றையாக ஓடும் நியூட்ரான்களிலிருந்து எத்தனை புரோட்டான்கள் பிறக்கின்றன என்று எண்ணுவது மற்றொன்று. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொட்டி முறையில் 2021-இல் கிடைத்த சராசரி ஆயுள் 877.75 நொடிகள்; அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் கற்றைச் சோதனை 2013-இல் தந்தது 887.7 நொடிகள். பத்து நொடி வேறுபாடு, இரண்டு தரப்பும் கூறும் பிழை வரம்புகளைவிடப் பெரியது. நியூட்ரான்களில் நூற்றில் ஒன்று, புரோட்டானைத் தராமல் கண்ணுக்குப் புலப்படாத ஏதோ இருண்ட துகளாக மாறிவிடுகிறதோ என்று 2018-இல் ஒரு கருத்து எழுந்தது. அப்படி நடந்தால் தொட்டியில் குறையும், ஆனால் புரோட்டான் கணக்கில் வராது. கவர்ச்சியான யோசனைதான். ஆனால் அதே சிதைவு நியூட்ரான் விண்மீனுக்குள்ளும் நடந்தால் அதன் உள்ளழுத்தம் தளர்ந்து, நம் சூரியனைப் போல் இரு மடங்கு நிறையுள்ள விண்மீன்கள் இருக்கவே முடியாமல் போகும், அப்படிப்பட்டவை இருக்கின்றன. இரண்டு சோதனைகளில் ஒன்றில் கண்ணுக்குத் தப்பிய பிழை இருக்கிறது என்பதே என் ஊகம்.

பத்து நொடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு, பேரண்டத்திலுள்ள ஹீலியத்தைக் காட்டலாம். பெருவெடிப்புக்குப் பின் முதல் சில நொடிகள்வரை நியூட்ரான்களும் புரோட்டான்களும் ஒன்றாக மற்றொன்று மாறிக்கொண்டேயிருந்தன. வெப்பம் தணிந்து அந்தப் பரிமாற்றம் நின்றபோது, கனமான நியூட்ரான் ஒன்றுக்கு ஆறு புரோட்டான்கள் என்ற விகிதம் நிலைத்தது, இதற்கும் 1.293-தான் பொறுப்பு. ஆனால் அணுக்கருக்கள் உடனே உருவாக முடியவில்லை. டியூட்டெரான் உருவானவுடன் கதிர்வீச்சு அதை உடைத்துவிட்டது. சில நிமிடங்கள் காத்திருந்த அந்த இடைவெளியில் கொஞ்சம் நியூட்ரான்கள் சிதைந்து, விகிதம் ஒன்றுக்கு ஏழாயிற்று. இரண்டு நியூட்ரான்களுக்குப் பதினான்கு புரோட்டான்கள் என்று வைத்துக்கொண்டால், நான்கு துகள்கள் சேர்ந்து ஒரு ஹீலியம், மீதி பன்னிரண்டும் ஹைட்ரஜன். பதினாறில் நான்கு, அதாவது எடையில் 25 விழுக்காடு. ஆதிநிலை வாயுவில் வானியலாளர்கள் அளக்கும் ஹீலியமும் ஏறத்தாழ அவ்வளவே. டியூட்டெரானுக்குள் புகுந்த நியூட்ரான்கள் தப்பின, புகாதவை சிதைந்தன என்பதால், ஆயுள் சற்றுக் கூடினால் ஹீலியமும் சற்றுக் கூடும்.

அணு உலைகளைப் பற்றிய கேள்விகள் வேறு வகையானவை. ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மெதுவாக வரும் நியூட்ரான் ஏன் அதிகத் திறனுடன் யுரேனியம்-235-ஐப் பிளக்கிறது? ஓங்கி அடித்தால்தான் உடையும் என்பது நம் அன்றாட அனுபவம். ஆனால் நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் அணுக்கருவை நெருங்க வேகம் தேவையில்லை. பிளப்பதற்கான ஆற்றலும் மோதலிலிருந்து வருவதில்லை, நியூட்ரான் உள்ளே சேர்ந்து பிணையும்போதே வெளிப்படுகிறது. தேவைப்படுவது பிடிபடுவதற்கான வாய்ப்பு. மெதுவாகச் செல்லும் துகளின் அலைநீளம் பெரிது, அருகில் தங்கும் நேரமும் அதிகம். 1934-இல் ரோமில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழுவினர், நியூட்ரான்களைப் பாரஃபின் மெழுகின் வழியே செலுத்தியபோது செயற்கைக் கதிரியக்கம் பன்மடங்கு கூடியதைக் கண்டது இதனால்தான். மெழுகில் நிறைந்துள்ள ஹைட்ரஜனின் நிறை நியூட்ரானின் நிறையை ஒத்தது. சம நிறையுள்ள பந்துகள் மோதினால் ஒன்றின் வேகம் முழுவதும்கூட மற்றொன்றுக்குப் போய்விடலாம். பிளவில் பிறக்கும் நியூட்ரானை அறை வெப்பநிலைக்குத் தணிக்க ஹைட்ரஜனில் ஏறத்தாழ 18 மோதல்களும், கார்பனில் நூற்றுக்கும் மேற்பட்ட மோதல்களும் வேண்டும். காமாக் கதிரைத் தடுக்கும் ஈயச் சுவர் நியூட்ரானைத் தடுக்காமல் வெறுமனே திருப்பிவிடுவதும், சாதாரண நீர் நன்றாகத் தடுப்பதும் இதே காரணத்தால்.

நியூட்ரான்கள் மட்டுமே சேர்ந்து ஓர் அணுக்கரு ஆக முடியுமா என்ற கேள்வி, விண்மீனுக்கு அழைத்துச்செல்லும் பாலமாக இருக்கிறது. இரண்டு நியூட்ரான்கள் மயிரிழையில் தவறி, பிணையாமல் போகின்றன. நான்கு நியூட்ரான்கள் கணநேரம் சேர்ந்து நிற்பதன் தடயத்தை ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் நடந்த சோதனையொன்று 2022-இல் காட்டியது. அதுவும் அணுக்கரு என்று அழைக்கும் அளவுக்கு நிலைக்கவில்லை. அணுக்கரு விசையால் முடியாததைச் செய்ய ஈர்ப்பு விசை வேண்டியிருக்கிறது. ஈர்ப்பு மிக மெலிந்த விசை என்பதால், அதற்கு 1-க்குப் பின் 57 சுழியங்கள் இட்ட எண்ணிக்கையில் நியூட்ரான்கள் தேவைப்படுகின்றன.

சாட்விக்கின் கண்டுபிடிப்பு வெளியாகி இரண்டு ஆண்டுகளே ஆன 1934-இல், வால்டர் பாடேவும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் சூப்பர்நோவா என்னும் பெரிய விண்மீன்களின் இறுதி வெடிப்புகள் நியூட்ரான் விண்மீன்களைப் பெற்றெடுக்கின்றன என்று எழுதினார்கள். துணிச்சல் என்றால் அது. 1967-இல் ஜோசலின் பெல் துடிப்பு விண்மீனின், அதாவது சுழலும் நியூட்ரான் விண்மீனின், வானொலிச் சைகையைக் கண்டபோதுதான் அது உறுதிப்படத் தொடங்கியது. பெரிய விண்மீனின் உள்ளகம் சரியும்போது, எலக்ட்ரான்கள் மேன்மேலும் நெருக்கப்பட்டு, தவிர்ப்பு விதியால் மேன்மேலும் உயர்ந்த ஆற்றல் படிகளுக்குத் தள்ளப்படுகின்றன. அந்த ஆற்றல் வேண்டிய அளவைத் தாண்டியதும், புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்து நியூட்ரானாகிவிடுவது சிக்கனமாகிவிடுகிறது.

உண்டான நியூட்ரான்கள் ஏன் பதினைந்து நிமிடத்தில் திரும்பச் சிதைவதில்லை? சிதைவில் பிறக்கும் எலக்ட்ரானுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 0.782 மெகா எலக்ட்ரான் வோல்ட். விண்மீனின் ஆழத்திலோ, மிஞ்சியிருக்கும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 100 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள எல்லாப் படிகளையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. புதிதாகப் பிறக்க விரும்பும் எலக்ட்ரானுக்கு உட்கார இடமில்லை. கனமான அணுக்கருக்களில் புரோட்டானுக்கு ஏற்பட்ட முட்டுக்கட்டையின் மறுவடிவம் இது. ஆகவே, நியூட்ரான் விண்மீன் முழுவதும் நியூட்ரான்கள்தாம் என்பதும் சரியன்று. அந்த எலக்ட்ரான்களும் அவற்றுக்கு ஈடான புரோட்டான்களும் ஒரு சிறு பங்காக இருந்தால்தான் இந்தத் தடுப்பே வேலை செய்யும். மேலோட்டில் இரும்பு போன்ற அணுக்கருக்களும் உண்டு.

இன்னொரு வாக்கியத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. நியூட்ரான்களின் குவாண்டம் நெரிசலே, அதாவது தவிர்ப்பு விதியால் உண்டாகும் அழுத்தமே, விண்மீனைத் தாங்கி நிற்கிறது என்று நல்ல நூல்கள்கூட எழுதுகின்றன. 1939-இல் ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் அந்த நெரிசலை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது கிடைத்த உச்ச நிறை சூரியனைப் போல் 0.7 மடங்குதான். நாம் காணும் நியூட்ரான் விண்மீன்களோ பெரும்பாலும் 1.4 மடங்கு அளவிலும், சில 2 மடங்கு அளவிலும் இருக்கின்றன. மிக நெருங்கும்போது அணுக்கருத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் விசைதான் எஞ்சிய சுமையைத் தாங்குகிறது. அந்த விசை இந்த அடர்த்தியில் எப்படி நடந்துகொள்கிறது என்பது இன்னும் முழுமையாகத் தீராத ஆய்வுப் பொருள்.

கடைசியாக, எல்லாரும் கேட்கும் தேக்கரண்டிக் கேள்வி. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் ஆரமுள்ள அந்தப் பொருளிலிருந்து 5 மில்லிலிட்டர் எடுத்தால் அது சுமார் 200 கோடி டன் இருக்கும் என்பது சரியான கணக்கு. ஆனால் தேக்கரண்டியில் அது இருக்காது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அழுத்தம் விலகிய கணத்திலேயே அது வெடித்து விரியும்; எலக்ட்ரான் படிகள் காலியாகும்; அதுவரை அடைபட்டிருந்த சிதைவின் வாயில் திறந்துகொள்ளும்.

இயற்கை இந்தச் சோதனையை உண்மையிலேயே செய்து காட்டுகிறது. 2017 ஆகஸ்ட் 17 அன்று லைகோ, விர்கோ கருவிகள், ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள என்ஜிசி 4993 என்னும் விண்மீன் மண்டலத்தில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைந்ததன் ஈர்ப்பலைகளைப் பதிவுசெய்தன, 1.7 நொடி கழித்துக் காமாக் கதிர் வெடிப்பும் வந்தது. மோதலில் சிதறிய பொருளில் நியூட்ரான்கள் பெருவெள்ளமாக இருந்ததால், அணுக்கருக்கள் ஒரு நியூட்ரானைச் செரிக்கும் முன்பே அடுத்ததை விழுங்கிப் பெருத்தன. பிறகு அளவுக்கு மிஞ்சிய நியூட்ரான்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்து புரோட்டானாக மாற, கன தனிமங்கள் பிறந்தன. அடுத்த சில நாள்களுக்கு அந்த இடம் ஒளிர்ந்தது இந்தச் சிதைவுகளின் வெப்பத்தால்தான். அந்த ஒளியின் நிறமாலையில் ஸ்ட்ரான்சியத்தின் தடயம் இருப்பதை 2019-இல் கண்டறிந்தார்கள். உலகிலுள்ள தங்கத்தில் ஒரு பகுதியாவது இப்படிப் பிறந்ததுதான். தங்கத்தின் நிலையான ஒரே ஐசோடோப்பில் 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும் இருக்கின்றன. அங்கே வந்து சேர்ந்ததும் கழித்தல் கணக்கு மறுபடியும் பற்றாக்குறையில் முடிகிறது, அந்த 118-உம் சிதையாமல் அப்படியே இருக்கின்றன.